இனிப்புநீரும் இருதயமும்



இனிப்புநீர் என்றதும் ஆறாத கால்புண்ணைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் இந்நோய் கண்டவர்களில் பலரின் உயிரைப் பறிப்பது மாரடைப்பு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இனிப்புநீர் உண்டு. தோட்டத்தை விட்டுச் செலாயாங் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களுக்கும் இது புதிதல்ல.

மாரடைப்பு யாருக்கு வரக்கூடும் என்று முன்கூட்டியே கணக்கிடலாமா? கணக்கிடலாம். 1948-இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் ஆய்வு தொடங்கி, 5,209 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததே இந்தக் கணக்கு. வயது, ஆணா பெண்ணா, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், இனிப்புநீர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, அடுத்த 10 ஆண்டுகளில் நமக்குள்ள ஆபத்து எவ்வளவு என்று மருத்துவர் சொல்வார்.

அங்கே கவனிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். நம்மவர்களுக்கோ இளவயதிலேயே மாரடைப்பு வருகிறது. ஆகவே கணக்கு குறைவாக வந்தாலும் அசட்டை வேண்டாம். சிறுநீரில் புரதம் கசிந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இனிப்புநீரால் நரம்பு மரத்தவர்களுக்கு மாரடைப்பின்போது நெஞ்சு வலிக்காமலும் போகலாம். திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி கண்டால், வாயு என்று தைலம் தேய்த்துக் காத்திராமல் 999-ஐ அழைப்போம்.

அடுத்த முறை கிளினிக் செல்லும்போது சர்க்கரை அளவோடு, "என் இருதயத்துக்கு ஆபத்து எவ்வளவு?" என்றும் கேட்போம். மருந்தை விடாமல் சாப்பிட்டு, சிகரெட்டை விட்டுவிட்டால் அந்த ஆபத்து குறையும்.