ஆகாது என்றால் ஆகாதுதான்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

காலையிலிருந்து கற்றல் விளைவுகள், மதிப்பீடு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அதையும் நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன், தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் தேர்ச்சி பெற்றார்கள். அந்த மகிழ்ச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களையும் அவர்களுடைய அம்மாக்களையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், சேமியா பாயசம். இலை போட்டுப் பரிமாறினேன்.

ஒரு பையன் மட்டும் எலுமிச்சை சாதத்தைத் தொடவில்லை. அவன் அம்மா தயங்கித் தயங்கி, "இவனுக்குக் கடலை ஆகாது டீச்சர்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கரண்டியால் அவன் இலையில் இருந்த நிலக்கடலையை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, "இப்பச் சாப்பிடு தம்பி, ஒண்ணும் ஆகாது. எல்லாம் சாப்பிட்டுப் பழகணும்" என்றேன். டீச்சர் சொன்னதால் அவன் சாப்பிட்டான்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உதடு தடித்தது. கழுத்திலும் கையிலும் திட்டுத் திட்டாகத் தடிப்பு. பிறகு இருமல், மூச்சிழுப்பு. 108-க்கு அழைத்தோம். அரசு மருத்துவமனையில் தொடையில் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் மூச்சு சீரானது. ஆனாலும் உடனே அனுப்பவில்லை. அறிகுறிகள் மறுபடி வரக்கூடும் என்று பல மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "வீட்டுல கடலையே வாங்கறதில்ல டீச்சர். நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சும்மா இருந்துட்டேன்."

புரதம் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள் நான். கடலையைப் பொறுக்கிவிட்டால் அதன் புரதமும் போய்விடும் என்று நினைத்துவிட்டேன். தாளித்த எண்ணெயிலும் சாதத்திலும் அது ஏற்கெனவே கலந்திருந்தது. ஒவ்வாமை உள்ள உடலுக்கு மிகச் சிறிய அளவே போதும்.

அன்றைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், ஒவ்வாமை வேறு, செரிக்காமை வேறு. ஒவ்வாமையில் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு ஓர் உணவின் புரதத்தைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பால் குடித்தால் வயிறு உப்பி, வயிற்றோட்டம் ஆகிறவர்களில் பலருக்கு, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருக்கும். தொல்லைதான், உயிருக்கு ஆபத்து இல்லை. அவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஆனால் பால் புரதத்துக்கே ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தயிரும் ஆகாது, மோரும் ஆகாது. ஆகவே "பால் ஆகாது" என்று யாராவது சொன்னால், "சாப்பிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாதவர்களும் இருக்கிறார்கள். நமக்கென்ன, அரிசிச் சாப்பாடுதானே என்று நினைப்போம். ரவை, சேமியா, மைதா எல்லாம் கோதுமைதான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகையில் அது ஒளிந்திருக்கிறது. பாக்கெட் உணவுகளின் உறையில் பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் போன்றவை இருந்தால் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். பொடி எழுத்துதான், ஆனாலும் படித்துவிடுங்கள்.

சமைக்கும்போது, ஆகாத பொருளைக் கடைசியில் தனியே எடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். அது இல்லாமலே சமையுங்கள். கடலைச் சட்னி அரைத்த மிக்சி ஜாரைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தேங்காய்ச் சட்னி அரைக்கக் கூடாது. ஒரே கரண்டியை இரண்டு பாத்திரங்களில் போடக் கூடாது. வடை பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தக் கூடாது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயிலும் கடலைப் புரதம் இருக்கும்.

இனி நம் பள்ளிக்கு வருவோம். நம் குழந்தைகள் காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். அப்படியென்றால் தினமும் நாம்தானே விருந்தளிக்கிறோம்? ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் "உங்கள் பிள்ளைக்கு எது ஆகாது?" என்று கேட்டு எழுதி வைப்போம். சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் சொல்வோம். நாம் விடுப்பில் இருக்கும் நாளில் வகுப்புக்கு வரும் ஆசிரியருக்கும் அது தெரிய வேண்டும். பிறந்தநாள் மிட்டாய், சுற்றுலா, விளையாட்டு விழாவில் கொடுக்கும் கடலை மிட்டாய் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. முட்டை வேண்டாம் என்று ஒதுங்கும் குழந்தையை "அடம்" என்று அதட்டும் முன் ஒரு முறை காரணம் கேட்போம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் இருக்கவே இருக்கிறது.

அந்தக் குழந்தையைத் தனியே உட்கார வைக்க வேண்டாம். எல்லோரோடும் உட்காரட்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே காவலாக இருப்பார்கள்.

மூச்சுத் திணறல், முகம் அல்லது நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் கைவைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-தான். குழந்தையை நடக்க விடக் கூடாது. படுக்க வையுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம்.

ஓராண்டு கழித்து அதே அம்மாவையும் பையனையும் மறுபடி அழைத்தேன். இந்த முறை முன்கூட்டியே கேட்டு, அந்த அம்மாவையே சமையலறைக்கு வரச் சொன்னேன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். எண்ணெய் எது என்று கேட்டார். தேங்காய் சாதமும் பருப்புக் குழம்பும் செய்தோம். எல்லோருக்கும் அதே சாப்பாடுதான். பையன் இலையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அதன் பிறகுதான் அவன் சாப்பிட ஆரம்பித்தான். நானும் அந்தத் தலையசைப்புக்காகக் காத்திருந்தேன்.

படிக்காத தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல்லை, படித்த நாம் கேட்கப் பழகவேண்டும்.