தமிழில் தீர்ப்பு தந்த முன்சீப்

(கிருஷ்ணகிரி கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) என்றால் பள்ளிக்கூடத்து நீதிநூல் பாட்டு நமக்கு ஞாபகம் வரும். கிறிஸ்தவர், சத்திய வேதக் கீர்த்தனைகள் எழுதினவர். பார்த்த வேலை முன்சீப். மேல்கோர்ட்டுத் தீர்ப்பெல்லாம் அப்போ இங்கிலீஷ்தான். தோத்தவனுக்கு ஏன் தோத்தோம்னே புரியாது! 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தார். பெண்கல்விக்கும் தனியாகப் புத்தகம் எழுதினார். 1879-ல் வந்த அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் நாட்டையே ஆளுகிறாள். நமக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்கிறது.

நம்ம ஓசூர் பக்கம் வீட்டிலே தெலுங்கு, கன்னடம். லோன் பேப்பரோ இங்கிலீஷ். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு ஷரத்தையும் தமிழில் வாசிக்கச் சொல்வோம். தமிழ் வராத அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர் அவங்க பாஷையில் சொல்லட்டும்.