தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் கணினியும்

(ஜமாஅத் கல்விக் குழு கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நமது மாலை வகுப்பில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கைக்கணினி வாங்கித் தரலாம் என்னும் யோசனை நிர்வாகக் குழுவின் முன் இருக்கிறது. நன்கொடையாளர் சிலர் உதவ முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் இது ஒருமுறை செலவழித்தால் மீண்டும் எளிதில் திரட்ட இயலாத தொகை. ஆதலால், கருவிகளைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். முடிவைப் பிறகு எடுக்கலாம்.

குஜராத் மாநிலத்தின் வடோதரா நகரில் 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குப் பள்ளிக்கு நான்கு கணினிகள் வீதம் அரசு வழங்கியது. இரண்டாண்டுகள் கழித்துப் பார்த்தபோது மிகச் சில பள்ளிகளில் மட்டுமே அவை பிள்ளைகளின் கைக்குப் போயிருந்தன. மற்ற இடங்களில் அவை முடங்கிக் கிடந்தன. இதைக் கேட்டு யாரும் வியப்படைய மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நம் பகுதியிலும் துணி போர்த்திய கணினியைப் பார்க்காதவர் யார்?

அதன் பின்னர் 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனம் அந்தக் கணினிகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரத்திற்கு இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக அமர்ந்து, கணக்கு விளையாட்டுகளை ஆடினார்கள். அவர்களுக்கு வழிகாட்ட அந்தந்தப் பகுதி இளைஞர்கள் பயிற்சி பெற்று உடன் இருந்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலிய ஆய்வாளர்கள் இதனை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். அவ்விருவரும் 2019-இல் மைக்கேல் கிரெமருடன் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். கணக்கில் பிள்ளைகளின் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒரே கணக்கைத்தான் எல்லோருக்கும் சொல்லித்தர முடியும். நான்காம் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக் கழித்தலே வராமல் இருக்கலாம். அது வெளியே தெரியாது. வாய்ப்பாட்டைக் கூட்டத்தோடு சேர்ந்து ஒப்பித்துவிடும். கணினியோ அப்பிள்ளை நிற்கும் படியைக் கண்டறிந்து, அந்தப் படியிலிருந்து கேள்வியைத் தொடங்குகிறது. தவறான விடை தந்தால் அப்போதே காட்டுகிறது. பிறர் முன் தலைகுனிவு இல்லை. ஒரே கணக்கைப் பத்து முறை கேட்டாலும் அதற்குச் சலிப்பு வருவதில்லை.

ஆனால் அதே ஆய்வில் வேறு இரண்டு செய்திகளும் இருக்கின்றன. விற்பனைக்கு வருகிறவர்கள் அவற்றைச் சொல்ல மாட்டார்கள். திட்டம் நின்று ஓராண்டு கழித்துச் சோதித்தபோது பலனில் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது. இரண்டாவது, அந்த ஆண்டுகளில் அந்நிறுவனம் 'பால்சகி' என்ற பெயரில் மற்றொரு பணியையும் நடத்தியது. பின்தங்கிய பிள்ளைகளில் இருபது பேரைத் தனியாக அழைத்து, அப்பகுதியைச் சேர்ந்த படித்த இளம்பெண் ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் கற்பித்தார். இதில் கிடைத்த முன்னேற்றம் கணினியில் கிடைத்ததைவிடக் குறைவு. செலவோ, கணினிக்கு ஒரு பிள்ளைக்கு ஓராண்டில் ஏறத்தாழ 15 டாலர். பால்சகிக்கு இரண்டேகால் டாலர் அளவே. செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் படிப்பைக் கணக்கிட்டால் எது மேல் என்பது நம் வணிகப் பெருமக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குஜராத்திலேயே லீ லிண்டன் என்னும் ஆய்வாளர் செய்த மற்றொரு சோதனையும் உண்டு. கணினிப் பயிற்சியைப் பள்ளி நேரத்திற்கு வெளியே கூடுதலாகத் தந்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியரின் பாடவேளையை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் கணினியை அமர்த்தியபோது கணக்கில் பின்தங்கினார்கள். கருவி ஒன்றே, பிள்ளைகளும் அதே மாதிரியான பிள்ளைகள்தாம். நமது மாலை வகுப்பு பள்ளி நேரத்திற்கு வெளியே நடப்பது என்பதால் இச்செய்தி நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

பெரு நாட்டில் பல இலட்சம் மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வழங்கினார்கள். அதைப் பற்றி 2012-இல் வந்த ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை என்றே கூறியது. அதற்குமேல் அங்கே போக வேண்டியதில்லை.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. அதைக் கைப்பேசியால் படம் பிடித்தால் பாடத்திற்குரிய ஒளிக்காட்சி வரும். 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. மறு ஆண்டே கொரோனா வந்தது. தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு, 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. தொலைக்காட்சியும் இருந்தது, குறியீடும் இருந்தது. இருந்தும் பிள்ளைகள் எழுத்தை மறந்தார்கள். வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசி அத்தாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. அவர் திரும்பி வரும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. தாம்பரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் எத்தனையோ வீடுகளின் நிலை இதுதான்.

அப்போது கைகொடுத்தது 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி'. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பாடம் சொன்னார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டார்கள் என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நம் மாநிலக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துக் கண்டறிந்தார்கள்.

அதன்பின் 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. எந்தப் பிள்ளை எந்த நிலை என்பதை ஆசிரியர் கைப்பேசிச் செயலியில் மதிப்பிடுகிறார். 2024-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் பணியும், 79,723 பேருக்குக் கைக்கணினி வழங்கும் பணியும் தொடங்கின. அந்தக் கைக்கணினிகள் யாருக்கு வழங்கப்பட்டன என்பதைக் கவனியுங்கள். ஆசிரியர்களுக்கு!

ஆகவே என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு கைக்கணினி வேண்டாம். நான்கைந்து கருவிகள் போதும். அவை வகுப்பிலேயே இருக்கட்டும், வீட்டுக்குப் போக வேண்டாம். பிள்ளைகள் இருவர் இருவராக, முறை வைத்து, வாரத்தில் இரண்டு மணி நேரம் கணக்குப் பயிற்சி செய்யட்டும். எஞ்சிய தொகையைக் கொண்டு, நமது மஹல்லாவில் பட்டப்படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் சகோதரிகள் இருவரைப் பயிற்றுநர்களாக அமர்த்துவோம். 'சேவைதானே' என்று சொல்லி அவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் நமக்கு உண்டு. அது கூடாது. கருவி வாங்கப் பணம் இருக்கும்போது கற்பிப்பவருக்கு இல்லை என்பது நியாயமாகாது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் சில குடும்பங்களில் வீட்டு மொழி உருது. அப்பிள்ளை தமிழைக் கேட்பதே பள்ளியில்தான். ளகரம் ழகரமும் ணகரம் னகரமும் காதில் பிரிந்து விழாமல் எழுத்தில் பிரிந்து வராது. பிள்ளை உரக்கப் படிப்பதைக் கேட்டுத் தவறிய சொல்லைச் சுட்டிக்காட்டும் கூகுள் நிறுவனத்தின் 'ரீட் அலாங்' செயலி 2020 முதல் தமிழிலும் கிடைத்தது. 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் அதை வைத்து வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். இவ்வகைக் கருவி அத்தகைய பிள்ளைக்கு மெய்யாகவே துணை. எனினும் செயலி பிடிக்கத் தவறும் உச்சரிப்பை அருகில் இருக்கும் பயிற்றுநர் பிடிப்பார்.

கைப்பேசியைக் கண்டால் பிள்ளை கெட்டுவிடும் என்று அஞ்சும் தாய்மார்களின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட 2024-ஆம் ஆண்டின் 'அசர்' கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயதினரில் முந்தைய வாரத்தில் ஸ்மார்ட்போனைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்திற்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. கருவி வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுதியாக, கருவிகளை வைக்கும் இடம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் என்ன செய்தது என்பதை யாரும் மறக்கவில்லை. கீழ்த்தளத்து அறையில் வைக்க வேண்டாம், மாடியில் வையுங்கள். வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்து அதே சோதனையை மீண்டும் நடத்த வேண்டும். அந்தப் பதிவேடு அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கை அடுத்த பக்கத்தில் இடம்பெற வேண்டும் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.