விரல் போன திசை எது?

கைபேசி விளையாட்டுகளைப் பற்றிய கருத்தரங்குகளில் படங்களுக்கும் கதைக்கும் இசைக்கும் தனித்தனி அமர்வுகள் உண்டு. திரையில் இழுத்த விரல் எந்தக் கோணத்தில் போனது என்ற கேள்வி மட்டும் சில்லறைக் கணக்காகத் தள்ளப்பட்டுவிடுகிறது. இந்தத் தலைமை உரை அந்தச் சில்லறையைப் பற்றியது.

கணக்கு பள்ளிக்கூடத்து முக்கோணவியல்தான். விரல் (300, 800) என்ற புள்ளியில் பட்டு, (420, 740)இல் எடுக்கப்பட்டது என்று கொள்வோம். கிடையாக 120 பிக்சல், செங்குத்தாக −60. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் திரையின் மேல் இடது மூலைதான் ஆதிப்புள்ளி. கீழே இறங்க இறங்க எண் கூடும். வரைபடத்தாளில் இதற்கு நேர்மாறு. எனவே −60ஐ 60 ஆக்கி, 120ஆல் வகுத்து, நேர்மாறு டேன்ஜென்ட் எடுத்தால் சுமார் 26.6 டிகிரி. குறியை மாற்ற மறந்தால், மேலே எறிந்த பந்து தரையைப் பார்த்துப் பாயும். யூனிட்டி மென்பொருளிலோ ஆதிப்புள்ளி கீழ் இடது மூலை. அங்கே குறியை மாற்றினால்தான் பிழை.

வகுத்தலிலும் ஒரு பொறி இருக்கிறது. இடப்பக்கம் கீழ்நோக்கி இழுத்தால் −60ஐ −120ஆல் வகுக்க வேண்டும். ஈவு அதே 0.5தான். நேரெதிரான இரண்டு திசைகளுக்கும் ஒரே விடை! செங்குத்தாக இழுத்தாலோ பூஜ்யத்தால் வகுக்க நேரும். இந்தச் சிக்கல்களுக்காகவே ஃபோர்ட்ரான் நிரல்மொழியின் காலத்திலிருந்து ‘ஏடேன்2’ என்ற சார்பு புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு எண்களையும் தனித்தனியே வாங்கி, குறிகளைப் பார்த்து, நான்கு கால்பகுதிகளிலும் சரியான கோணத்தை அது தந்துவிடும்.

ஆனால் எல்லா விளையாட்டுக்கும் கோணம் தேவையா?

2011இல் வந்த ‘டெம்பிள் ரன்’னில் திரும்ப, குதிக்க, சறுக்க நான்கு திசைகள் போதும். 2014இல் இத்தாலிய இளைஞர் காப்ரியேலே சிருல்லி எழுதி, நிரலையும் பொதுவில் வைத்த ‘2048’ இன்னும் எளிது. கிடை நகர்வு, செங்குத்து நகர்வு இரண்டில் பெரியது 10 பிக்சலைத் தாண்டியதா என்று முதலில் பார்க்கிறது. தாண்டியிருந்தால், பெரியது எதுவோ அதன் திசையில் கட்டங்களை நகர்த்துகிறது. 45 டிகிரிக் கோட்டால் பிரித்தாலும் இதே முடிவுதான் கிடைக்கும். அதற்குக் கோணம் கணக்கிட வேண்டியதில்லை. 2009இன் ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ வேறு ரகம். கவணை இழுக்கும் கோணம் சற்றே பிசகினாலும் பறவை குறி தவறும்.

கோணம் தேவைப்படும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது இழுப்பின் நீளம். 10 பிக்சல் இழுப்பில் விரல் 2 பிக்சல் நடுங்கினால் கோணம் சுமார் 11 டிகிரி விலகும். 100 பிக்சல் இழுப்பில் அதே நடுக்கம் 1 டிகிரியைச் சற்றே தாண்டும். திரைக்குத் திரை பிக்சலின் அளவும் வேறு. அதனால்தான் ஆண்ட்ராய்டு, தொடுதலையும் இழுப்பையும் பிரிக்கும் எல்லையைத் திரையின் அடர்த்திக்கு ஏற்ற அலகில் வைத்திருக்கிறது. வழக்கமான மதிப்பு 8 அலகு. அங்குலத்துக்கு 480 புள்ளிகள் உள்ள திரையில் அது 24 பிக்சல்.

நடுக்கத்தைக் குறைக்கச் சராசரி எடுப்பவர்கள் கோணங்களைக் கூட்டக் கூடாது. 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் சராசரி 180 என்று வரும். வலப்பக்கம் போன விரல் இடப்பக்கம் போனதாகிவிடும். நகர்வுகளை வெக்டர்களாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை கோணம் எடுப்பதே முறை.

இங்கே கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அளவுகளைப் பிக்சலில் மட்டும் சொல்லாமல் மில்லிமீட்டரிலும் சொல்லுங்கள். ஒற்றைக் கையில் கைபேசியைப் பிடித்துக் கட்டைவிரலால் இழுப்பவரின் கோடு நேராகப் போகாது, வளையும். இடக்கைக்காரருக்கு அது எதிர்ப்பக்கம் வளையும். இரு தரப்பாரையும் வைத்துச் சோதித்த பிறகே எல்லைக் கோணங்களை முடிவு செய்யுங்கள்.