நான்காவது வால்வு

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் செயற்கை இதய வால்வு செய்ய இறங்கினார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. வருடக்கணக்கான உழைப்பு! இந்த மாதிரி நேரத்தில் பூசி மெழுகுகிற கெட்டிக்காரர்கள் எந்த அலுவலகத்திலும் உண்டு. இவர்களோ தோல்வியைத் தோல்வி என்றே எழுதிவைத்து, மறுபடி தொடங்கினார்கள். நான்காவது வால்வில் பிளாஸ்டிக் தட்டு. கோடிக்கணக்கான தடவை திறந்து மூடவைத்துப் பார்த்த பிறகே, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

உங்கள் அலுவலகத்துக்கு ஆளெடுக்கும்போது மதிப்பெண், அனுபவமெல்லாம் பாருங்கள். திறமையில்லாமல் வால்வு வராது; தோல்வியை ஒப்புக்கொள்ளாமலும் வராது. கூடவே, ‘எடுத்த வேலை சொதப்பியபோது மேலதிகாரியிடம் யார் போய்ச் சொன்னது?’ என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.