ஆறு கொண்டுபோன மாடு

(திருவண்ணாமலையில் ஆற்றிய உரை)



மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருள் உண்டு, நம் தமிழில். ஏடெடுத்துப் படித்திடாத உழவனும் அதை அறிவான். தீபத் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தை கூடிடும் ஊர் இது. மாட்டுப் பொங்கலன்று பெரிய நந்திக்குக் காயும் கனியும் கோத்து மாலை சூட்டிடும் ஊர். கல்லிலே வடித்த காளைக்கு அத்தனை சிறப்பு. கட்டுத்தறியிலே நின்று, வெள்ளத்திலே மாண்ட மாட்டுக்கு என்ன விலை என்று பேசத்தான் வந்தேன்.

2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையிலே, இந்த மலை சரிந்து 7 உயிர்களை விழுங்கிற்று. அந்த இரவு விடிவதற்குள், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் தென்பெண்ணையிலே பாய்ந்தது. ஓடிப் பிழைத்திட மனிதனுக்குக் கால் இருந்தது. மாட்டுக்கும் நான்கு கால் உண்டு. கழுத்திலே கயிறும் அல்லவா இருந்தது!

அரசு நிவாரணம் அறிவித்தது. மாண்ட பசுவுக்கும் எருமைக்கும் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. முன்னர் பசுவுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 என்றிருந்தது. கூட்டியிருக்கிறார்கள், மறைத்திட மாட்டேன். ஆனால், 2022 முதல் 2026 வரைக்கென டில்லி வகுத்த விதியிலே அதற்கு என்ன பெயர் தெரியுமா? உதவி! இழப்பீடு அன்று.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். எனினும் இந்தக் கணக்கு எனக்கே வருகிறது. நாளுக்கு 8 லிட்டர் கறந்திடும் பசு. 2023 டிசம்பரிலே அறிவித்த 3 ரூபாய் ஊக்கத்தொகையையும் சேர்த்து, ஆவின் கொள்முதல் விலை அப்போது லிட்டருக்கு 38 ரூபாய். ஆக, நாளுக்கு 304 ரூபாய். 37,500 ரூபாய் என்பது 123 நாள் பாலின் பணம்! தீவனச் செலவைக் கழித்திடு என்பார்கள், கழித்திடுவோம். அது ஈன்றிருக்கக்கூடிய கன்றுகளை எந்தப் பக்கத்திலே எழுதுவது?

இன்னொரு விந்தை: ஒரு குடும்பத்துக்கு 3 கறவை மாடுகள் வரைதான் உதவி. நான்காவது மாடும் அதே வெள்ளத்திலேதான் செத்தது. விதியின் கண்ணுக்கு அது பிறக்கவேயில்லை!

இழப்பை அதிகாரி சான்றுரைத்திட வேண்டும் என்கிறது விதி. தவறில்லை; பொய்க் கணக்கு எழுதுவோரும் நாட்டில் உண்டு. செத்த மாடு கரையிலே கிடந்தால் கால்நடை மருத்துவர் பார்த்திடுவார். ஆறு அடித்துச் சென்ற மாட்டுக்கு எதைக் காட்டுவது? அறுந்த கயிற்றையா?

மாட்டின் காதிலே 12 இலக்க எண் பொறித்த வில்லையை மாட்டியவர் யார்? அரசின் ஆட்கள்தாம். அந்த வீட்டுப் பாலை நாள்தோறும் அளந்து ஏட்டிலே எழுதியவர் யார்? கூட்டுறவுச் சங்கத்தார். ஊசி போடும்போதும் பால் வாங்கும்போதும் உயிரோடிருந்த மாடு, பணம் தரும்போது மட்டும் ஐயத்துக்கு உரியதாகி விடுகிறதா? அந்த எண்ணையும், அந்த ஏட்டையும், அண்டை வீட்டார் சொல்லையும் சான்றாக ஏற்றிட, அடுத்த புயலுக்கு முன்னரே ஆணை பிறப்பித்திடுக என்று கேட்டு, விடைபெறுகிறேன்.