எண்ணும் இழையும்

கைத்தறித் துவாயைக் கையில் எடுப்பவர் முதலிற் காண்பது அதன் கோடுகளையே. நூலின் தரமும் நெசவின் உறுதியும் பயன்படுத்தும்போதுதான் புலப்படும். அக்கோடுகளை எவ்வாறு அமைப்பது என்னும் வினாவுக்குக் கணிதம் தரும் விடை ஒன்று உண்டு.

1, 2, 3, 5, 8, 13 என்னும் வரிசையில், அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கூட்டினால் அதற்கு அடுத்த எண் கிடைக்கும். இத்தாலியரான பிபொனாச்சி 1202ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இடம்பெற்றமையால் இவ்வரிசை அவர் பெயரால் வழங்குகின்றது. ஆயினும், பாரதநாட்டு யாப்பிலக்கண ஆசிரியர்கள் அவருக்கு முன்னரே இதனை அறிந்திருந்தனர். ஒரு மாத்திரைக் குறிலும் இரு மாத்திரை நெடிலும் கொண்டு மூன்று மாத்திரையை நிரப்ப 3 வழிகள் உள. நான்கு மாத்திரைக்கு 5. ஐந்து மாத்திரைக்கு 8. இதனை 12ஆம் நூற்றாண்டில் ஏமச்சந்திரர் எடுத்துரைத்தார். செய்யுளின் ஓசையை அளந்த எண் துணியின் கோட்டையும் அளக்கவல்லது.

கணிதத்தைத் தறிக்குக் கொணர்ந்தவர்களுள் அமெரிக்கப் பெண்மணியான ஏடா டீட்ஸ் குறிப்பிடத்தக்கவர். அட்சரகணிதக் கோவைகளை விரித்தெழுதி, அவற்றின் ஒவ்வோர் எழுத்துக்கும் நூல் கோக்கும் ஓர் ஒழுங்கை வகுத்து நெய்யும் முறையை 1949இல் அவர் நூலாக வெளியிட்டார்.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இம்முறை வெறும் அழகுக் கலையாக நின்றுவிடாது. 2009இல் போர் முடிந்தபின், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் குடும்பப் பாரத்தைத் தனியே சுமந்த பெண்கள் பலர். அவர்களுள் ஒருத்தி தறியில் அமர்ந்தால், ஆலைத் துவாயோடு விலையிற் போட்டியிட அவளால் இயலாது. அமைப்பினாலேயே போட்டியிடல் வேண்டும். அதுவும் கூடுதற் செலவின்றி அமைதல் வேண்டும்.

அதற்கு வழி இது. கோட்டின் அகலங்களை 13, 8, 5, 3, 2, 1, 2, 3, 5, 8, 13 என வைத்துக்கொள்க. கூட்டுத்தொகை 63. ஒவ்வோர் அலகும் அரை அங்குலமாயின் பாவின் அகலம் 31½ அங்குலம். அங்குலத்துக்கு 40 இழை எனின், பாவில் மொத்தம் 1,260 இழைகள். நீலமும் மஞ்சளும் மாறி மாறி வரின், நீலம் 40 அலகு, அதாவது 800 இழை. மஞ்சள் 23 அலகு, அதாவது 460 இழை. பாவின் நீளம் 20 யார் ஆயின், 840 யார் கொண்ட கழிகளில் நீலம் ஏறக்குறைய 19, மஞ்சள் 11. சேதாரத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கழி கூட்டிக்கொள்ளலாம்.

இக்கணக்கின் பயன் பெரிது. சாயமிட்ட நூல் இடையிற் குறைந்தால், மறுமுறை தோய்க்கும் நூல் முன்னைய நிறத்தோடு ஒத்துவருவது அரிது. நூல் மிகுந்தாலோ, பணம் மூலையில் முடங்கும். முன்கூட்டியே எண்ணியவளுக்கு இவ்விரு இடருங் குறையும்.

மற்றொன்றும் உண்டு. எண்வரிசையை ஊடையில் அமைத்தால் நிறந்தோறும் நாடாவை மாற்றல் வேண்டும், வேலை தாமதமாகும். பாவில் அமைத்தாலோ, பாவோடும்போது ஒருமுறை எண்ணினாற் போதும். பின்னர் ஒரே நிற ஊடையால், ஒரே நாடாவோடு, பாவு முடியும்வரை தடையின்றி நெய்யலாம். எல்லாத் துவாய்களிலும் கோடுகள் பிசகாமல் அமையும்.

நெய்து தறியிலிருந்து இறக்கிய துணி சற்றுச் சுருங்கும். ஆயினும், கோடுகளின் விகிதம் பெரும்பாலும் மாறாது. நிறங்களைத் தெரிவது நெய்பவளின் கண்ணே. அதனை எந்த எண்ணும் செய்யாது. எஞ்சியதற்கு ஐந்தாந் தரத்துக் கூட்டலும் பெருக்கலும் போதும். பள்ளியிற் கற்ற அக்கணக்கு, நூல் வாங்கச் செல்லும் நாளில் அவள் பணத்தைக் காக்கும்.